பென்டிரைவைச் செருகியதும் 'சிக்கல் இருக்கிறது' என்று கணினி மிரட்டுவது ஏன்?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று இருக்கிறது. கணினியில் பாட்டும் படமும் ஏற்றி, இரவில் டிவியில் செருகிப் பார்க்கிறீர்கள். மறுநாள் கணினியில் செருகினால், "இந்த டிரைவில் சிக்கல் இருக்கிறது, உடனே ஸ்கேன் செய்து சரிசெய்யவும்" என்கிறது விண்டோஸ். பதறிப்போய் ஸ்கேன் செய்தால், சிக்கல் எதுவும் காணப்படவில்லை என்று அதுவே சொல்கிறது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே எச்சரிக்கை, அதே பதில். டிவியில் படம் பார்த்ததோடு சரி. எதையும் ஏற்றவில்லை, அழிக்கவில்லை. பென்டிரைவின் ஆயுள் முடிகிறதா, வைரஸ் ஏதாவது புகுந்துவிட்டதா என்பது உங்கள் சந்தேகம்.

இரண்டும் இல்லை. குற்றவாளி உங்கள் டிவி. ஆனால் அது பெரிய குற்றம் எதையும் செய்துவிடவில்லை. பென்டிரைவில் ஒரே ஒரு பிட்டை, அதாவது 0 அல்லது 1 என்று மட்டுமே இருக்கக்கூடிய மிகச் சின்னத் தகவலை, மாற்றிவிட்டு, திருப்பி வைக்காமல் விட்டிருக்கிறது. அவ்வளவுதான். இதே எச்சரிக்கை வேறொருவருக்கு வரும்போது கோப்புகள் உண்மையாகவே சிதைந்திருக்கலாம் என்பதால்தான் இந்தப் பதில் நீள்கிறது.

செருகிய இரண்டாவது நொடியில் அந்த எச்சரிக்கை வந்துவிடுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். நொடிக்கு 30 எம்பி வேகத்தில் படித்தால்கூட 32 ஜிபியை முழுவதும் படிக்க ஏறக்குறைய 18 நிமிடம் ஆகும். ஆக, உங்கள் டிரைவைப் பரிசோதித்துப் பார்த்து விண்டோஸ் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. டிரைவின் தொடக்கத்தில் ஓர் இடத்தில் ஒரு குறி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. குறி இருந்தால் எச்சரிக்கை, இல்லாவிட்டால் மௌனம்.

அந்தக் குறியை 'டர்ட்டி பிட்' என்பார்கள். பழைய மளிகை மண்டியில் கணக்குப்பிள்ளை பேரேட்டைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிவைத்திருந்தால் அன்றைய கணக்கு முடிந்தது என்று பொருள். காலையில் முதலாளி வரும்போது பேரேடு திறந்தபடி கிடக்கிறது, பேனா மூடாமல் பக்கத்தில் கிடக்கிறது, ஆளைக் காணோம். கணக்கு தவறு என்று அவரால் சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது. எங்கே நிறுத்தினார் என்று தெரியாததால், முதலிலிருந்து ஒருமுறை கூட்டிப் பார்க்கச் சொல்வார். டர்ட்டி பிட் என்பது அந்தத் திறந்த பேரேடு. விண்டோஸ் அந்த முதலாளி.

இதில் மைக்ரோசாஃப்ட் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. விண்டோஸ் 7 காலத்தில் இந்த எச்சரிக்கை, சில கோப்புகளில் சிக்கல் 'இருக்கலாம்' என்று சொல்லும். எழுதி முடிப்பதற்குள் டிரைவைக் கழற்றியிருந்தால் இப்படி நேரலாம் என்று காரணத்தையும் கூடவே சொல்லும். பிற்பாடு சுருக்கம் என்ற பெயரில் அந்த 'லாம்' போய்விட்டது, காரணமும் போய்விட்டது. இன்று அது 'சிக்கல் இருக்கிறது' என்று அடித்துச் சொல்கிறது. உங்கள் பதற்றத்தில் பாதி அந்த 'லாம்' போனதால் வந்தது.

குறி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். கடையில் வாங்கும் பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில், அதாவது கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒழுங்கில், ஃபார்மேட் செய்யப்பட்டு வருகின்றன. ஃபேட்டின் மூல வடிவம் 1977இல் ஃபிளாப்பி டிஸ்க்குகளுக்காக மைக்ரோசாஃப்ட்டில் உருவானது. ஃபேட்32 என்ற பதிப்பு 1996இல் விண்டோஸ் 95இன் ஒரு திருத்தப் பதிப்போடு வந்தது. பென்டிரைவ் என்ற பொருளே 2000இல்தான், 8 எம்பி கொள்ளளவோடு, கடைக்கு வந்தது. ஆக, உங்கள் பாட்டனார் காலத்துப் பெட்டகத்தில்தான் பேரன் காலத்துப் பொருளை வைத்திருக்கிறோம். ஃபேட் என்றால் கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை. டிரைவ் முழுவதையும் கிளஸ்டர் என்ற சம அளவுத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அட்டவணையில் ஒரு கட்டம் ஒதுக்குவார்கள். ஃபேட்32இல் ஒவ்வொரு கட்டத்திலும் பயன்படும் பிட்டுகள் 28. முதல் இரண்டு கட்டங்கள் எந்தக் கோப்புக்கும் உரியவை இல்லை. அந்த இரண்டாவது கட்டத்தின் 28 பிட்டுகளில் மேல் நுனியில் இருப்பதுதான் இந்தக் குறி. 1 என்றால் ஒழுங்காக மூடப்பட்டது, 0 என்றால் திறந்து கிடக்கிறது. அதற்கு அடுத்த பிட் இன்னும் தீவிரமானது: போன முறை பயன்படுத்தியபோது படிப்பதிலோ எழுதுவதிலோ வன்பொருள் பிழை நேர்ந்தது என்று சொல்வது. இதுதவிர டிரைவின் முதல் செக்டர் என்ற தொடக்கத் துண்டிலும் இதே வேலைக்கு ஒரு பைட் உண்டு. எக்ஸ்ஃபேட்டில் இரண்டு குறிகளும் அந்த முதல் செக்டரிலேயே அடுத்தடுத்து இருக்கின்றன. 32 ஜிபியில் ஒரு பிட். அதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது.

இப்போது டிவிக்கு வருகிறேன். ஸ்மார்ட் டிவி, கார் ஸ்டீரியோ, செட்டாப் பெட்டி ஆகியவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவது விண்டோஸைப் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் அல்லது அதன்மேல் கட்டிய ஆண்ட்ராய்டு. விண்டோஸும் லினக்ஸும் இந்தக் குறியைக் கையாளும் விதத்தில் ஒரு வேறுபாடு இருக்கிறது. உங்கள் புதிருக்கு விடை அதில்தான். விண்டோஸ், ஃபேட் டிரைவில் எழுதத் தொடங்கும்போது குறியை வைக்கும். எழுதி முடித்து சில நொடிகள் வேலையில்லாமல் இருந்தால் குறியைத் தானே எடுத்துவிடும். அதனால்தான் பென்டிரைவின் விளக்கு அணைந்த பிறகு அதை அப்படியே உருவினாலும் பல நேரம் ஒன்றும் ஆவதில்லை. லினக்ஸ் அப்படியில்லை. 2013 முதல், ஃபேட்டைக் கையாளும் அதன் மென்பொருள், எழுதும் அனுமதியோடு டிரைவை இணைத்த கணத்திலேயே குறியை வைத்துவிடுகிறது. முறைப்படி இணைப்பைத் துண்டிக்கும்போதுதான் எடுக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் நீங்கள் ஒரு பைட்கூட எழுதாமல் படம் மட்டும் பார்த்தாலும் பேரேடு திறந்தேதான் கிடக்கும். படம் முடிந்ததும் டிவியின் பின்புறம் கையை விட்டுப் பென்டிரைவைப் பிடுங்கினீர்கள். குறியை எடுக்க டிவிக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை.

ரிமோட்டில் பவர் பட்டனை அழுத்தி டிவியை அணைத்த பிறகுதான் எடுக்கிறேன் என்பீர்கள். அதுவும் பெரும்பாலும் உதவாது. ரிமோட்டால் அணைத்த டிவி பல வேளைகளில் தூங்கத்தான் போகிறது. டிரைவோடு அதற்கு இருந்த உறவை முறித்துக்கொண்டு போவதில்லை. கார் இன்னும் மோசம். சாவியைத் திருப்பியதும் ஸ்டீரியோவுக்கு மின்சாரமே போய்விடுகிறது.

மிச்சமிருக்கும் புதிர், 'ஸ்கேன் செய்யாமல் தொடர்க' என்று விட்டால் ஏன் ஒவ்வொரு முறையும் கேட்கிறது என்பது. டிரைவை இணைக்கும்போதே குறி இருந்தால், அதை வைத்தது தான் இல்லை என்பதால் விண்டோஸ் அதைத் தொடாது. நீங்கள் நூறு முறை முறைப்படி 'எஜெக்ட்', அதாவது 'பாதுகாப்பாக அகற்று', கொடுத்துக் கழற்றினாலும் அந்தப் பழைய குறி அப்படியே இருக்கும். லினக்ஸும் இதே நாகரிகத்தைக் கடைப்பிடிக்கிறது. யாரோ திறந்து போட்ட பேரேட்டைக் கூட்டிப் பார்க்காமல் மூடிவைக்க இருவரும் மறுக்கிறார்கள். அது சரியான குணம்தான். ஸ்கேன் ஒன்றுதான் அதை எடுக்கும்.

உண்மையான சேதம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் உங்கள் போலி எச்சரிக்கையின் அருமை தெரியும். 8 எம்பி பாட்டு ஒன்றைப் பென்டிரைவுக்கு நகலெடுக்கிறீர்கள். கிளஸ்டர் 32 கேபி என்றால் பாட்டு 256 துண்டுகளாக உள்ளே போகிறது. முதல் துண்டு எங்கே என்பது கோப்பின் பெயரோடு இருக்கும். அடுத்தது எங்கே என்பது முதல் துண்டின் கட்டத்தில் இருக்கும், அதற்கடுத்தது இரண்டாவதின் கட்டத்தில். கோயில் திருவிழாவில் பிள்ளைகளுக்கு நடத்தும் புதையல் வேட்டை போல ஒவ்வொரு சீட்டும் அடுத்த சீட்டின் இடத்தைச் சொல்லும். ஃபேட்32இல் இந்த அட்டவணை இரண்டு பிரதிகளாக வைக்கப்படுவதால் சீட்டுகளை இரண்டு முறை எழுத வேண்டும். பாட்டின் பெயரும் அளவும் ஒரு இடத்தில், காலியிடம் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு இன்னோர் இடத்தில். இத்தனையும் ஒரே கணத்தில் நடக்காது; ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும்.

நடுவில் பிடுங்கினால் என்ன ஆகும் என்பது எந்த இடத்தில் பிடுங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. சீட்டுகள் எழுதப்பட்டு, பெயர் எழுதப்படாவிட்டால், 256 துண்டுகளும் யாருக்கும் சொந்தமில்லாமல் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். பெயர் எழுதப்பட்டு அளவு எழுதப்படாவிட்டால், கோப்பு இருக்கும், அளவு சைபர். இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் புதுப்பிக்கப்பட்டால் எதை நம்புவது என்ற வழக்கு. இவற்றுள் மிகப் பொல்லாதது, இரண்டு கோப்புகளின் சங்கிலிகள் ஒரே துண்டில் போய்ச் சேருவது. உங்கள் கல்யாணப் புகைப்படம் பாதிவரை சரியாக வந்து, கீழ்ப்பாதியில் வேறொன்றின் குப்பை தெரிந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இது கோப்பு முறையின் மட்டத்தில் நடப்பது. அதற்கும் கீழே, சிப்புக்குள், இன்னொரு கதை ஓடுகிறது. தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தின் பரம்பரைதான் பென்டிரைவில் இருப்பது. இதில் எழுதுவது பக்கம் பக்கமாக. ஒரு பக்கம் பெரும்பாலும் 4 முதல் 16 கேபி. ஆனால் எழுதியதன் மேல் மறுபடி எழுத முடியாது, முதலில் அழிக்க வேண்டும். அழிப்பதோ பக்கமாக முடியாது, நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்கைத்தான் மொத்தமாக அழிக்க முடியும். அதனால் நீங்கள் ஒரு கடிதத்தில் ஒரு வார்த்தையைத் திருத்தினால்கூட உள்ளிருந்து பென்டிரைவை நடத்தும் கன்ட்ரோலர் என்ற சிப் பல பக்கங்களை இங்கிருந்து அங்கே தூக்கி வைக்க வேண்டியிருக்கலாம். எது எங்கே இருக்கிறது என்ற தனது சொந்த வரைபடத்தையும் அது திருத்த வேண்டும். கணினிக்கு இந்த உள்விவகாரம் எதுவும் தெரியாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. விலை குறைந்த சிப்புகளில், தகவலைத் தேக்கும் நுண்ணறையான ஒரே செல்லுக்குள் இரண்டு அல்லது மூன்று பிட்டுகளைத் திணிக்கிறார்கள். அந்தப் பிட்டுகள் வெவ்வேறு பக்கங்களைச் சேர்ந்தவையாக இருக்கும். ஒரு பக்கத்தை இன்று எழுதும்போது மின்சாரம் போனால், அதே செல்களைப் பகிர்ந்துகொண்டிருக்கும் இன்னொரு பக்கமும், அது எப்போதோ எழுதி முடித்ததாக இருந்தாலும், கெடலாம். "நான் அந்தக் கோப்பைத் தொடவே இல்லையே, அது ஏன் போயிற்று?" என்று என்னிடம் வந்து கேட்பவர்களுக்குப் பாதி நேரம் இதுதான் விடை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகக் கணினியில் வைக்கும் ஃபிளாஷ் சேமிப்பகமான எஸ்எஸ்டிகளில், விலை உயர்ந்த சிலவற்றில் மின்சாரம் போனாலும் கையிலிருக்கும் வேலையை முடிக்கும் அளவுக்கு மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள். பென்டிரைவில் அதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

ஆக, குறி இருந்தும் சேதம் இல்லாமல் இருக்கலாம். உங்கள் நிலை அது. சேதம் இருந்தும் குறி இல்லாமல் இருக்கலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எச்சரிக்கை வந்தால் முதல் வேலை ஸ்கேன் இல்லை. டிரைவில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏதாவது இருக்கிறதா என்று யோசிப்பதுதான் முதல் வேலை. இருந்தால், எச்சரிக்கைப் பெட்டியை மூடிவிட்டு, அதை முதலில் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்கேன்.

இதை அனுபவப்பட்டுச் சொல்கிறேன். என் அக்கா மகள் முனைவர் பட்ட ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுக்கும் நேரம். ஆறு இயல்கள், திருத்திய வடிவம் முழுவதும் ஒரே பென்டிரைவில். வீட்டிலிருந்து ஜெராக்ஸ் கடைக்கும், கடையிலிருந்து வீட்டுக்கும் அது போய்வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் கூட்டத்துக்கு நடுவில் ஒருவருடையதைப் பிடுங்கி இன்னொருவருடையதைச் செருகுகிறவர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, வரிசையில் நின்ற நாமும் அதைத்தான் விரும்பினோம். ஒருநாள் இரவு வீட்டில் செருகியதும் எச்சரிக்கை வந்தது. 'சரிசெய்' என்று இருந்ததை நம்பி அழுத்திவிட்டாள். சரிசெய்து முடித்த பிறகு பார்த்தால் ஆய்வேட்டின் ஃபோல்டரையே காணோம். அதற்குப் பதிலாக 'ஃபவுண்ட்' என்ற பெயரும் மூன்று சைபர்களும் கொண்ட ஒரு ஃபோல்டர் மறைவாக முளைத்திருந்தது; அதற்குள் எண் வரிசையில் பெயரிட்ட, 'சிஎச்கே' என்று முடியும் நாற்பது கோப்புகள்.

ஸ்கேன் என்ன செய்தது என்றால், தனக்குக் கொடுத்த வேலையைச் சரியாகச் செய்தது. கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பது மட்டுமே அதன் கவலை. சொந்தக்காரர் தெரியாத சங்கிலிகளுக்கு ஒரு பெயரை ஒட்டி ஓர் ஓரத்தில் போடும், முரண்படும் சங்கிலியை வெட்டும், அளவைத் திருத்தும். உள்ளே இருப்பது ஆய்வேடா, தற்காலிகக் குப்பையா என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். வெட்டியதைத் திரும்ப ஒட்டும் வசதியும் அதில் இல்லை.

அன்றிரவு அந்த நாற்பதையும் ஒவ்வொன்றாக நோட்பேடில் திறந்தோம். திரை முழுக்கக் குப்பை எழுத்துகள்தான் தெரியும். ஆனால் முதல் இரண்டு எழுத்துகளைப் பார்த்தால் போதும். ஆங்கில எழுத்துகள் பி, கே என்று தொடங்கினால் அது வேர்டு ஆவணமாக இருக்கலாம். இன்றைய வேர்டு கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் ஒவ்வொரு ஜிப் கோப்பின் நெற்றியிலும் இருக்கின்றன. அப்படித் தொடங்கியவற்றின் பின்னொட்டை மாற்றிப் பெயரிட்டோம். ஐந்து இயல்கள் அப்படியே திறந்தன. மூன்றாம் இயல் திறக்கவில்லை. ஜிப் பொட்டலத்தின் பொருளடக்கம் கோப்பின் கடைசியில் இருக்கும். அதன் வால் போயிருந்தது. வழிகாட்டிக்கு ஒரு மாதம் முன்பு மின்னஞ்சலில் அனுப்பிய பழைய வடிவத்தை எடுத்துவைத்து அதை மறுபடி திருத்தினாள். முதலில் நகலெடுத்திருந்தால் அந்த நாற்பதைத் துழாவும் வேலையாவது மிச்சமாகியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

நகலெடுத்தாயிற்று என்றால் ஸ்கேன் செய்வதில் ஒரு பயமும் இல்லை. எக்ஸ்ப்ளோரரில் டிரைவின் மேல் வலது கிளிக், ப்ராபர்ட்டீஸ், டூல்ஸ், செக். கட்டளைச் சாளரம் பழகியவர்கள் 'செக்டிஸ்க்' கட்டளையை டிரைவின் எழுத்தோடும், சாய்கோட்டுடன் கூடிய எஃப் எழுத்தோடும் ஓட்டலாம். அதில் எஃப்புக்குப் பதிலாக ஆர் எழுத்தைப் போட்டால் ஒவ்வொரு செக்டராகப் படித்துப் பார்க்கும். பெரிய டிரைவில் மணிக்கணக்கில் ஆகும், சாகும் தறுவாயில் இருக்கும் டிரைவை அது மேலும் இம்சிக்கவும் செய்யும். காரணமில்லாமல் ஆர் போடாதீர்கள். குறி இருக்கிறதா என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், நிர்வாகி உரிமையோடு 'எஃப்எஸ்யுடில் டர்ட்டி குவரி' என்ற கட்டளை இருக்கிறது. டிவிக்கு முன் ஒருமுறை, டிவிக்குப் பின் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நான் சொன்னது உங்கள் டிவிக்குப் பொருந்துகிறதா என்று உங்கள் கண்ணாலேயே தெரிந்துவிடும்.

ஸ்கேன் 'சிக்கல் இல்லை' என்று முடிந்து, பென்டிரைவ் டிவிக்கோ காருக்கோ போய்வந்த பிறகு மட்டுமே எச்சரிக்கை வருகிறது என்றால், கவலையை விடுங்கள். ஒரே கணினியில் செருகி, முறைப்படி எஜெக்ட் செய்தும் திரும்பத் திரும்ப வருகிறது, நகலெடுக்கும்போது வேகம் திடீரென்று சைபருக்குப் போகிறது, டிரைவ் தானாக மறைந்து மறைந்து வருகிறது என்றால் அது வேறு கதை. முதலில் வேறு போர்ட்டில் செருகுங்கள், ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் நடுவில் இருந்தால் எடுத்துவிடுங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதற்குக் கடமைப்பட்ட மின்னோட்டம் 500 மில்லியாம்பியர். மின்இணைப்பு இல்லாத ஹப்பில் நான்கு சாதனங்கள் அதைப் பங்குபோட்டால் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று நடுவழியில் மயங்கி விழுவது சாதாரணம். அதன்பிறகும் தொடர்ந்தால், விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'டிஸ்க்' என்ற பெயரில் 7 அல்லது 51 என்ற எண்ணோடு பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 7 என்பது கெட்டுப்போன பிளாக்கைச் சொல்லும் எண். அந்த டிரைவுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.

"பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று கேட்பதையும் இதையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பேரேடு திறந்து கிடக்கவில்லை, பேரேடே கிடைக்கவில்லை. உள்ளே வேண்டியது எதுவாவது இருந்தால் ஃபார்மேட்டுக்கு ஒப்புக்கொள்ளாமல், எதையும் எழுதாமல், மீட்பு மென்பொருளாலோ தெரிந்தவராலோ எடுக்கப் பாருங்கள். 'எழுத்துப் பாதுகாப்பு இருக்கிறது' என்று திடீரென்று சொல்லத் தொடங்கும் பென்டிரைவ், பெரும்பாலும் கெட்டவற்றுக்கு ஈடாக உள்ளிருக்கும் மாற்று பிளாக்குகள் தீர்ந்து கன்ட்ரோலர் கதவைச் சாத்திவிட்டதன் அடையாளம். படிக்கவாவது விடுகிறதே என்று நன்றி சொல்லி நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

சேதம் இருந்தும் குறி இல்லாத நிலைமைக்குச் சரியான உதாரணம் போலி டிரைவ். நடைபாதையிலும் இணையத்திலும் சில நூறு ரூபாய்க்கு 2 டெராபைட் என்று விற்பவை. உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி சிப். தன் அளவு 2 டெராபைட் என்று கணினியிடம் பொய் சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகு நீங்கள் ஏற்றுவதெல்லாம் பழையதன் மேல் விழும், அல்லது காற்றில் போகும். பெயர்ப் பட்டியல் மட்டும் ஒழுங்காகத் தெரியும். குறியும் சுத்தமாக இருக்கும், எச்சரிக்கையும் வராது. கணினி வாய் திறக்காததால்தான் இது நிஜமான ஆபத்து. எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவசக் கருவிகள் டிரைவை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்து இந்த மோசடியைக் காட்டிக்கொடுக்கும்.

வைரஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கோப்புகள் எல்லாம் மறைந்து குறுக்குவழிகள் மட்டும் தெரிவது வைரஸின் வேலை. அதற்கும் இந்த ஸ்கேன் எச்சரிக்கைக்கும் தொடர்பு இல்லை.

இணையத்தில் இந்த எச்சரிக்கைக்கு மருந்தாக ஒன்று பரவலாகச் சொல்கிறார்கள்: விண்டோஸ் சர்வீஸ் பட்டியலில் 'ஷெல் ஹார்ட்வேர் டிடெக்‌ஷன்' என்பதை நிறுத்திவிட்டால் எச்சரிக்கை வராதாம். வராதுதான். காரில் எண்ணெய் விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டினாலும் விளக்கு தெரியாது. குறி அப்படியே இருக்கும், உண்மையான சேதம் வரும் நாளில் உங்களுக்குச் சொல்ல ஆள் இருக்காது. இதைப் பரிந்துரைப்பவர்கள் மேல் எனக்குக் கொஞ்சமும் பொறுமை இல்லை.

முறைப்படி எஜெக்ட் செய்வது இப்போது தேவையா என்ற பட்டிமன்றமும் ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 10இன் 2018 அக்டோபர் பதிப்பிலிருந்து வெளி டிரைவ்களுக்கு 'விரைவில் கழற்றும்' முறைதான் இயல்பாக இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதாவது, எழுத வேண்டியதை நினைவகத்தில் தேக்கிவைத்து ஆறஅமர எழுதாமல் உடனுக்குடன் எழுதிவிடும். அதனால் எஜெக்ட் வேண்டாம் என்று பலர் எழுதினார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்குவதை அந்த முறை காப்பாற்றாது. சிப்புக்குள் கன்ட்ரோலர் செய்யும் இடமாற்ற வேலையும் விண்டோஸுக்குத் தெரியாது. லினக்ஸ் கணினியிலோ நகல் முடிந்ததாகப் பட்டை காட்டிய பிறகும் பல நிமிடம் உண்மையில் எழுதிக்கொண்டிருக்கும். எஜெக்ட் அழுத்துவதற்கு இரண்டு நொடி. 'டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது' என்று மறுத்தால், பென்டிரைவிலிருந்தே நேரடியாகத் திறந்த வேர்டு ஆவணம் ஏதாவது மூடப்படாமல் இருக்கும், அதை மூடுங்கள்.

இனி உங்கள் வீட்டு விவகாரம். உங்கள் டிவியின் அமைப்புகளில் சேமிப்பகம் அல்லது யூஎஸ்பி என்ற பகுதியில் 'எஜெக்ட்' அல்லது 'பாதுகாப்பாக அகற்று' என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். சில டிவிகளில் கோப்புப் பட்டியலில் டிரைவின் பெயர்மேல் ரிமோட்டின் நடுப் பட்டனை அழுத்திப் பிடித்தால் வரும். அதைக் கொடுத்து எடுத்தால் குறி நீங்கிவிட வேண்டும்.

டிவியில் அப்படி எதுவும் இல்லையென்றால், டிவிக்கென்று தனியாக ஒரு பழைய பென்டிரைவை ஒதுக்கிவிடுங்கள். பாட்டும் படமும் மட்டும் அதில். எச்சரிக்கை வந்தால் வரட்டும். அதுவும் பொறுக்கவில்லை என்றால் ஒரு தந்திரம் இருக்கிறது: எஸ்டி கார்டு ஒன்றை கார்டு ரீடரில் போட்டு, கார்டின் பக்கவாட்டில் உள்ள சின்னப் பூட்டைக் கீழே தள்ளிவிட்டு டிவியில் செருகுங்கள். அந்தப் பூட்டு கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை. ரீடர் அதன் நிலையைப் பார்த்து, எழுத வேண்டாம் என்று முடிவெடுக்கிறது, அவ்வளவுதான். ரீடர் எழுத விடாதபோது டிவி படிப்பதற்கு மட்டுமே இணைக்கும், குறியை வைக்க அதற்கு வழியிருக்காது. சில டிவிகள் அப்படிப்பட்ட கார்டைக் கண்டால் முரண்டு பிடிப்பதும் உண்டு. வாங்குவதற்கு முன் யாரிடமாவது கார்டையும் ரீடரையும் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.